பறப்பதில் பெரியது ஆல்பட்ராஸா, கானமயிலா?

இன்று பறக்கும் பறவைகளில் மிகப் பெரியது எது என்று தேடினால், ஒரு பட்டியல் ஆல்பட்ராஸ் என்கிறது, இன்னொன்று கானமயில் என்கிறது. இரண்டு விடையுமே சரிதான். இறக்கை விரிப்பில் பெரியது அலையும் ஆல்பட்ராஸ் என்ற கடற்பறவை; நுனிக்கு நுனி 3.5 மீட்டர் வரை வரும். எடையில் முந்துவது ஆப்பிரிக்காவின் கோரி கானமயில். பெரிய ஆண் பறவை 18 கிலோவைத் தொடும்.

ஒரு பட்டியல் நீளத்தையும் மற்றது எடையையும் எடுத்திருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் மீட்டரா, கிலோவா என்று பாருங்கள், விளங்கிவிடும். நிலத்திலும் இதே கதைதான்: உயரத்தில் ஒட்டகச்சிவிங்கி, எடையில் ஆப்பிரிக்க யானை.

ஆல்பட்ராஸின் தோளில் ஒரு தசைநாண் விரித்த இறக்கையை அப்படியே பூட்டிப் பிடிக்கிறது. அதனால்தான் காற்றில் மணிக்கணக்காக இறக்கை அடிக்காமலே மிதக்கிறது. அற்புதமான ஏற்பாடு!

ஒன்று கவனியுங்கள்: இதெல்லாம் இன்று வாழ்பவற்றுக்கு மட்டும். அழிந்தவற்றையும் சேர்த்தால், கெட்சால்கோட்லஸ் என்ற பறக்கும் ஊர்வனவின் இறக்கை விரிப்பு சுமார் 10 மீட்டர்.