ஸ்டான்ஃபோர்ட் கள்ளித் தோட்டத்துக்கு டிசம்பரில் போகலாமா?

கேள்வி: டிசம்பரில் கலிஃபோர்னியாவில் உள்ள மகள் வீட்டுக்குப் போகிறோம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் அரிசோனா கள்ளித் தோட்டத்தில் அப்போது பூ இருக்குமா? 5 வயதுப் பேரனையும் அழைத்துப் போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். கள்ளிகள் அங்கே பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை பூப்பவை; டிசம்பரில் அவற்றில் பூவைத் தேட வேண்டாம். ஆனால் ஆப்பிரிக்கக் கற்றாழை வகைகள் பலவற்றுக்குக் குளிர்காலமே பருவம். செம்மஞ்சள் பூந்தண்டுகளில் ஹம்மிங் பறவைகள் தேன் குடிப்பதைப் பார்க்கவே போகலாம். ஜனவரி வரை தங்குவீர்கள் என்றால் பயணத்தை அதற்குத் தள்ளிவையுங்கள், பூ கூடுதலாக இருக்கும். மழையும் அங்கே குளிர்காலத்தில்தான். பெய்த மறுநாள் தரை வழுக்கும். சூரியன் 5 மணிக்கு முன்பே மறைந்துவிடும். மதியம் 2 மணிக்குள் போய்ச் சேருங்கள். கட்டணம் இல்லை.

பல்கலைக்கழகத்தை நிறுவிய ஸ்டான்ஃபோர்ட் தம்பதி கட்டவிருந்த புது வீட்டுக்காக, 1880களின் தொடக்கத்தில் தோட்ட வடிவமைப்பாளர் ருடால்ஃப் உல்ரிச் அமைத்த தோட்டம் இது. 1884இல் அவர்களின் ஒரே மகன் இறந்தான்; வீடு எழும்பவில்லை. அருகே இருப்பது அக்குடும்பத்தின் கல்லறை மண்டபம். பல பத்தாண்டுகள் புதர் மண்டிக் கிடந்த தோட்டத்தை 1997 முதல் தன்னார்வலர்கள் மீட்டு வருகிறார்கள். ஒரு துண்டுகூட ஒடித்து எடுத்து வராதீர்கள்.

முள் எங்கிருந்து கிளம்புகிறது என்று பேரனுக்குக் காட்டுங்கள். பஞ்சு போன்ற சிறு பொட்டிலிருந்து என்றால் அது அசல் கள்ளி. நம் ஊர் சப்பாத்திக்கள்ளி அந்த இனம்தான், அமெரிக்காவிலிருந்து வந்தது. சதுரக்கள்ளியில் அந்தப் பொட்டு இராது; பெயரில் மட்டுமே கள்ளி, அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

பயப்பட வேண்டியது பெரிய முள்ளுக்கு அல்ல. சப்பாத்திக்கள்ளியின் பொட்டில் மயிர் போன்ற சுணைகள் உண்டு; தூண்டில் முள்ளில் உள்ளதுபோல் பின்னோக்கிய நுண்ணிய கொக்கிகள் அவற்றில் இருக்கும். தோலில் ஏறியபின் தேய்த்தால் ஒடிந்து இன்னும் உள்ளே போகும், வாயால் பிடுங்கினால் நாக்கில் ஏறும். முதலில் இடுக்கியால் கண்ணுக்குத் தெரிவதை எடுங்கள். பிறகு பள்ளிக் கைவேலைக்கான வெள்ளைப் பசையை மெல்லப் பூசி, மேலே காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை ஒட்டி, அரை மணி நேரம் காயவிட்டு உரித்தெடுங்கள். நொடியில் ஒட்டும் பசை வேண்டவே வேண்டாம், சுணையை உள்ளேயே பூட்டிவிடும். பேரனுக்கு முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் போடுங்கள். சுணை பட்ட துணியை மற்றவற்றோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.