ஸ்மார்ட் மீட்டர் வந்துவிட்டது. ஒரே விலைத் திட்டமா, நேரத்துக்கு ஏற்ற விலையா?

மீட்டர் மாட்டியதுமே திட்டத்தை மாற்றாதீர்கள். குறைந்தது ஒரு மாத ரீடிங் சேரட்டும். ஸ்மார்ட் மீட்டர் 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை பயன்பாட்டைப் பதிவு செய்யும். அதில் உச்ச நேரத்தில், அதாவது ஊரே அதிகம் மின்சாரம் இழுப்பதால் விலை கூடும் நேரத்தில், எத்தனை யூனிட் போகிறது என்று மட்டும் பாருங்கள்.

ஒரு கணக்கு. ஒரே விலைத் திட்டத்தின் விலையோடு ஒப்பிட்டால் உச்ச நேர விலை ஒன்றரை மடங்கு, மற்ற நேரம் 0.8 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். தினமும் 10 யூனிட் செலவாகி, அதில் 3 உச்ச நேரத்தில் போனால் 4.5 + 5.6 = 10.1. அதாவது பழைய விலையில் வரும் 10-ஐ விடக் கொஞ்சம் நஷ்டம். அதையே 2 யூனிட்டாகக் குறைத்தால் 3 + 6.4 = 9.4. ஆக, அந்த ஒரு யூனிட்தான் விஷயமே.

அதை எங்கே பிடிப்பது? 2000 வாட் வாட்டர் ஹீட்டர் அரை மணி நேரம் ஓடினாலே ஒரு யூனிட். 9 வாட் எல்இடி பல்பு அதே யூனிட்டைத் தின்ன 111 மணி நேரம் வேண்டும். பல்பை அணைக்கச் சொல்லி வீட்டில் சண்டை போடாமல் ஹீட்டர், வாஷிங் மெஷின், மோட்டாரின் நேரத்தை மாற்றுங்கள். மின்சார வண்டி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இரவு விலை குறைவென்றால் அப்போது சார்ஜ் போடுங்கள்.

மாலையில்தான் எல்லோரும் வீடு திரும்பி ஏசி போடுகிறீர்கள் என்றால், சரி, ஒரே விலையிலேயே இருங்கள். அப்புறம், நிலையான கட்டணம் கூடுகிறதா, பிடிக்காவிட்டால் பழைய திட்டத்துக்குத் திரும்ப முடியுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.