பால் புட்டி முதல் பல்செட் வரை: பல் மருத்துவர் பதில்கள்

கே: மகளுக்கு 14 மாதம். பால் புட்டி வாயில் இருந்தால்தான் தூங்குகிறாள். “விழப்போகிற பல்தானே” என்கிறார் மாமியார்.

ப: விழும்தான். ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் 10, 12 வயதுவரை இருக்க வேண்டியவை. முன்பே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பல் சாய்ந்து, அடியிலிருந்து வரும் பல்லுக்கு இடமில்லாமல் போகும். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் பால் மேல்வரிசை முன்பற்களில் தேங்கும். ஈறோரம் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளை தெரிகிறதா? சொத்தையின் தொடக்கம் அது. ஃப்ளோரைடு (பல்லை உறுதியாக்கும் தாதுப்பொருள்) பூசி அந்த நிலையிலேயே நிறுத்திவிடலாம். முதலில் பால், பிறகு துலக்கல். அதற்குமேல் புட்டி கேட்டால் வெறும் தண்ணீர். 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) ஃப்ளோரைடு பசை, அரிசி மணி அளவு போதும்.

கே: மகன் தொடக்கநிலை 1. பல் எதுவும் விழாமலேயே வரிசையின் கடைசியில் புதுப் பல் வந்திருக்கிறது.

ப: நிரந்தரக் கடைவாய்ப் பல் அது, பால் பல் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். முழுதாக முளைக்கும்வரை மற்றப் பற்களைவிடத் தாழ்ந்திருக்கும். அதனால் வரிசையாகத் துலக்கினால் பிரஷ் அதன்மேல் படாமலே தாண்டிப் போகும். கன்னத்துப் பக்கமிருந்து குறுக்கே விட்டு நீங்களே தேய்த்துவிடுங்கள். ஆழமான பள்ளங்களை அடைக்கும் பூச்சு தேவையா என்று பள்ளிப் பல் மருந்தகத்தில் கேளுங்கள்.

கே: வயது 35. இரண்டு வேளை துலக்கியும் சொத்தை. தேகூட ‘சியூ டாய்’தான் (சீனி குறைத்தது).

ப: எத்தனை கரண்டி என்பதைவிட எத்தனை தடவை என்பதே பல்லுக்குக் கணக்கு. ஒவ்வொரு இனிப்பு மடக்குக்குப் பிறகும் வாயில் அரைமணி நேரம்வரை அமிலம் இருக்கும். ஒரே கோப்பையை மேசையில் வைத்து இரண்டு மணி நேரம் உறிஞ்சினால் பல்லுக்கு ஓய்வே இல்லை. சாப்பாட்டோடு குடித்து முடியுங்கள், அல்லது ‘தே ஓ கோசோங்’குக்கு (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) மாறுங்கள். இரவு துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். கொப்பளித்தால் ஃப்ளோரைடும் சேர்ந்து போய்விடும். பல்லிடுக்குக்குப் பல் நூல் (floss)தான், பிரஷ் அங்கே எட்டாது.

கே: பல் சுத்தம் செய்ய எனக்கு மெடிசேவ் (சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) உண்டா?

ப: 35 வயதில் இல்லை. அறுத்தெடுக்கும் ஞானப்பல் போன்ற அறுவைச் சிகிச்சைகளுக்கு உண்டு.

கே: பாட்டி பல்செட்டோடு தூங்குகிறார். ஆடும் பல் ஒன்றையும் எடுக்க வேண்டும்.

ப: இரவு கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போடுங்கள், சுடுநீரில் வடிவம் கெடும். பற்பசை கீறும், கீறலில் பூஞ்சை தங்கும். பாத்திரம் கழுவும் சோப்பும் மென்மையான பிரஷும் போதும். அண்ணம் செக்கச்செவேல் என்றிருந்தால் காட்டிவிடுங்கள். பல் எடுக்கப் போகும்போது மருந்துப் பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எலும்புத் தேய்மானத்துக்கு வாரமொரு மாத்திரை விழுங்குபவர் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்: சிலருக்குப் பல் எடுத்த தாடையெலும்பு ஆறாமல் போவதுண்டு.