செக்‌ஷன் குறியில் தடுமாறும் மகனுக்கு வேறு படிப்பு வேண்டாம்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதமும் மகன் வரைந்த நான்கு தாள்களும் கிடைத்தன. கட்டடக்கலை டிப்ளோமாவில் இரண்டாம் செமஸ்டர், விரிவுரையாளர் இரண்டு முறை திருப்பிக் கொடுத்துவிட்டார், பையன் ராத்திரி சாப்பிடாமல் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். "அவனுக்கு சாஃப்ட்வேர் வரவில்லை, வேறு படிப்புக்கு மாற்றிவிடலாமா?" என்று கேட்டீர்கள். மாற்ற வேண்டாம். தாள்களைப் பொறுமையாகப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதலில் உங்களுக்குப் புரிவதற்காக ஒன்று. ஒரு பப்பாளியை வெளியிலிருந்து பார்த்தால் அது எலிவேஷன். கத்தி வைத்துப் பிளந்து, ஒரு பாதியை எடுத்துவிட்டு மற்ற பாதியைப் பார்த்தால் அது செக்‌ஷன். நீளவாக்கில் வெட்டினால் விதை நீளமாகத் தெரியும், குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் மாதிரி தெரியும். பழம் ஒன்றுதான். ஆகவே கத்தியை எங்கே வைத்தேன், எந்தப் பாதியைப் பார்க்கிறேன் என்று தரைப்படத்தில் குறித்தாக வேண்டும். அந்தக் கோடும் அம்புமுனையும்தான் செக்‌ஷன் குறி. மாநகர் மன்றத்துக்குப் போகும் வரைபடங்களில் மலாயில் 'கெராத்தான் A-A' (வெட்டுத் தோற்றம்), 'பண்டாஙான் ஹடாப்பான்' (முன்பக்கத் தோற்றம்) என்று பார்த்திருப்பீர்களே, அதேதான்.

தம்பியின் தாள்களில் மூன்று பிழைகள். இரண்டு சாஃப்ட்வேர் சம்பந்தப்பட்டவை, அரை மணி நேரத்தில் சரியாகிவிடும்.

செக்‌ஷன் குறியின் வட்டத்துக்குள் எண் வரவில்லை என்று, 'A-301' என்று தானே டெக்ஸ்ட் அடித்து மேலே வைத்திருக்கிறான். தம்பி பயன்படுத்தும் ரெவிட் என்ற வரைபட சாஃப்ட்வேரில் அந்த வட்டத்தை நாம் நிரப்பக் கூடாது. செக்‌ஷன் காட்சியை எடுத்து ஒரு ஷீட்டில் வைத்தால், படத்தின் எண்ணும் ஷீட் எண்ணும் தானாகவே வட்டத்துக்குள் வந்துவிடும். பிறகு ஷீட் எண் மாறினால் குறியும் கூடவே மாறும். கையால் அடித்த எழுத்து மாறாது.

அடுத்தது, முன்பக்க எலிவேஷனில் கார் போர்ச்சைக் காணோம், வீட்டின் உட்புறம் தெரிகிறது. புதிதாக ஒரு திட்டத்தைத் திறக்கும்போதே எங்கிருந்து பார்க்கிறோம் என்று காட்டும் எலிவேஷன் குறிகள் நான்கு பக்கமும் இருக்கும். தம்பி வீட்டைப் பெரிதாக வரைந்ததில் போர்ச் அந்தக் குறியைத் தாண்டி வெளியே போய்விட்டது. குறி கட்டடத்துக்குள் மாட்டிக்கொண்டால் அங்கிருந்துதான் பார்க்கும். வட்டத்தையும் முக்கோணத்தையும் சேர்த்துச் சுற்றி வளைத்துப் பிடித்து வெளியே நகர்த்தினால் போதும். எரிச்சலில் குறியை டிலீட் செய்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள், அதோடு அந்தக் காட்சியும் போய்விடும்.

மூன்றாவது பிழைதான் முக்கியம். A-A கோட்டை அவன் ஸ்டோர் ரூம் வழியாகவும் குளியலறை வழியாகவும் இழுத்திருக்கிறான். படிக்கட்டு ஓரமாகத் தப்பிவிட்டது. இதைச் சரிசெய்ய எந்த பட்டனும் கிடையாது. இந்த வீட்டில் எதைக் காட்ட வேண்டும் என்று யோசிப்பதற்கு முன்னாலேயே கோடு போட்டுவிட்டான்.

இதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆலோசகராக வருவதற்கு முன் கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் வரைபடக்காரராக இருந்தேன். அப்போது ஆட்டோகேட் என்ற வரைபட சாஃப்ட்வேர்தான். அதில் நாங்கள் போட்ட செக்‌ஷன் குறி வெறும் படம், எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அது கேள்வி கேட்காது. ஒரு வீட்டுக்கு அம்புமுனையைத் திருப்பிப் போட்டுவிட்டேன். செக்‌ஷனில் ஓர் உயரமான ஜன்னல் தெரிகிறது. அது எந்தச் சுவர் என்று சைட்டில் இருந்தவர் அம்பைப் பார்த்து முடிவு செய்தார். பக்கத்து வீட்டைப் பார்த்த சுவரில் ஜன்னல் திறந்தார்கள், பிறகு அடைத்தார்கள், எதிர்ச்சுவரை உடைத்தார்கள். அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் அவசரமாகக் குறித்ததில்லை.

அதனால் இந்த வாரம் தம்பி கம்ப்யூட்டரை மூடி வைக்கட்டும். நீங்கள் இருப்பது பினாங்கு ஆயர் ஈத்தாமில் இரண்டு மாடி டெரஸ் வீடு. வாசல் கேட்டிலிருந்து சமையலறை வரை, படிக்கட்டு வழியாக ஒரு நூலைக் கட்டச் சொல்லுங்கள். நூலுக்கு ஒரு பக்கம் நின்று எதிரே தெரிவதையெல்லாம் பென்சிலால் வரையட்டும். அப்புறம் மறுபக்கம் போய் நின்று வரையட்டும். ஒரே நூல், இரண்டு படம் வரும். படியையும் அளக்கட்டும். நம் நாட்டுக் கட்டட உபவிதிகள் 1984-இன்படி ஒரு படியின் உயரம் 180 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, கால் வைக்கும் அகலம் 255-க்குக் குறையக் கூடாது. செக்‌ஷன் படியை வெட்டிப் போனால்தான் அந்தக் கணக்கைத் தாளில் தெளிவாகக் காட்ட முடியும்.

ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கடைகளின் முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதையில் நின்று ஒரு பழைய கடைவீட்டைப் பார்க்கட்டும். முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம், நடுவில் வெளிச்சமும் காற்றும் வர வானம் பார்த்த முற்றம். எலிவேஷனில் அந்த முற்றம் தெரியவே தெரியாது. முன்னறையில் குறுக்கே வெட்டினாலும் தெரியாது. நீளவாக்கில் வெட்டினால்தான் அந்த வீடு எப்படி மூச்சு விடுகிறது என்று புரியும். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர் இது. பழைய கட்டடங்களை அளந்து வரையத் தெரிந்த பிள்ளைகளுக்கு இங்கே வேலை இருக்கிறது.

எதிர்காலம் பற்றிக் கேட்டீர்கள். டிப்ளோமாவோடு பெலூக்கிஸ் பெலானாக, அதாவது வரைபடக்காரராக, வேலைக்குப் போகலாம். கட்டடக் கலைஞர் ஆக வேண்டுமென்றால் வழி நீளம். அக்டா ஆர்க்கிடெக் 1967 என்ற கட்டடக் கலைஞர் சட்டத்தின் கீழ் மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிவு பெற வேண்டும், அதற்குப் பார்ட் 1, பார்ட் 2, வேலை அனுபவத்துக்குப் பிறகு பார்ட் 3 தேர்வு. பட்டப்படிப்புக்குப் பணம் கட்டும் முன் அந்தப் படிப்புக்கு வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், கல்லூரியின் விளம்பரத் தாளை மட்டும் நம்ப வேண்டாம். இங்கேயே பினாங்கில், யூ.எஸ்.எம். என்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை இருக்கிறது. சாஃப்ட்வேருக்காகக் கடன் வாங்காதீர்கள். மாணவர்களுக்கு ரெவிட்டும் ஆட்டோகேட்டும் இலவசம், ஆண்டுதோறும் புதுப்பித்தால் போதும்.

திருத்திய தரைப்படத்தையும் நூல் கட்டி வரைந்த இரண்டு பென்சில் படங்களையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பென்சில் படம் அழுக்காக இருந்தாலும் பரவாயில்லை. A-A கோடு இப்போது எந்த வழியாகப் போகிறது, ஏன் அந்த வழி என்று இரண்டு வரி தமிழில் எழுதி வைக்கட்டும். முதலில் அதைத்தான் படிப்பேன்.