காருக்குள் திரும்பிவரும் பொத்தான்கள்

அன்புள்ள ஐயா,

புதிய கார்களில் தொடுதிரைக்குப் பதிலாகப் பொத்தான்கள் மீண்டும் வருவதாகப் படித்தேன். கைப்பேசியில் பொத்தான்கள் மறைந்ததற்கு யாரும் வருந்தவில்லையே, காரில் மட்டும் ஏன்? இது வெறும் பழைமை ஏக்கம்தானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஃபோக்ஸ்வாகனின் வடிவமைப்புத் தலைவர் ஆண்ட்ரியாஸ் மிண்ட் 2025இல் ஏறத்தாழ இதற்கே பதில் சொன்னார்: இது கார், கைப்பேசியல்ல. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இயக்குகிறோம்; கார் ஓட்டுபவரின் கண்ணோ சாலையில் இருந்தாக வேண்டும், ஆகவே விரல் தானே தடவிக் கண்டுகொள்ளும் ஒன்று அவருக்கு வேண்டியிருக்கிறது.

2022இல் ஸ்வீடன் வாகன இதழான வீ பீலேகரே, மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது வெப்பநிலையைக் கூட்டுவது, வானொலி நிலையத்தை மாற்றுவது போன்ற 4 வேலைகளைச் செய்யச் சொல்லி ஒரு சோதனை நடத்தியது. பொத்தான்கள் கொண்ட 2005ஆம் ஆண்டு வால்வோ வி70இல் அவை 10 நொடியில், 306 மீட்டருக்குள் முடிந்தன. திரையை நம்பிய எம்ஜி மார்வெல் ஆரில் 44.9 நொடிகள் ஆயின, அதற்குள் வண்டி 1,372 மீட்டர் ஓடியிருந்தது. ஓட்டியவர்களுக்கு வண்டிகளைப் பழகிக்கொள்ள முன்பே நேரம் தரப்பட்டிருந்தது என்பதால் பழக்கமின்மையைக் காரணம் காட்டவும் வழியில்லை.

டெஸ்லா 2012இல் மாடல் எஸ் காரில் 17 அங்குலத் திரையை வைத்தபின் மற்றவர்களும் அவ்வழியே போனதற்கு அழகுணர்ச்சி மட்டுமே காரணமல்ல. ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி வார்ப்பச்சு, தனி வயரிங், தனிச் சோதனை வேண்டும். திரையிலோ எல்லாம் மென்பொருள், விற்றபின்னும் மாற்றிக்கொள்ளலாம். எளிமை என்று நமக்கு விற்கப்பட்டதில் பெரும்பகுதி செலவுக் குறைப்பே என்பது என் எண்ணம். (அமெரிக்கக் கடற்படையும் இதில் சூடுபட்டிருக்கிறது: 10 மாலுமிகள் இறந்த 2017ஆம் ஆண்டின் ஜான் எஸ். மெக்கெய்ன் கப்பல் மோதலுக்குப் பின், தொடுதிரை வழியான வேகக் கட்டுப்பாட்டைக் கைவிட்டுக் கைப்பிடிகளுக்குத் திரும்ப முடிவெடுத்தது.)

இப்போதைய திருப்பத்துக்கு ஏக்கத்தைவிட மதிப்பெண்ணே நெருக்கமான காரணம். திருப்பக் குறிவிளக்கு, அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருப்பதை, கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரங்கள் தரும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2026 முதல் தன் மதிப்பீட்டில் கணக்கில் கொள்கிறது. இது சட்டமல்ல, ஆனால் ஐந்து நட்சத்திரத்தை எந்த நிறுவனமும் எளிதில் இழக்கத் துணியாது.

அந்தப் பட்டியலில் ஏசி இல்லை என்பதைக் கவனியுங்கள். ஃபோக்ஸ்வாகன் ஒலியளவு, வெப்பநிலை, மின்விசிறி ஆகியவற்றுக்கும் பொத்தான் தருவதாக அறிவித்திருக்கிறது. மற்றவர்கள் அவற்றைத் திரையிலேயே விட்டுவைக்கலாம். வரைபடத்துக்குத் திரைதான் சிறந்தது, அதில் எனக்கும் மறுப்பில்லை.