வயலின் தெரியாதவர் மனநல மருத்துவர் ஆகலாமா?

கேள்வி: ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பா ஃபெக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேராதனையில் மருத்துவம் படித்து, இன்டர்ன்ஷிப்பும் முடித்து, இப்போது ஓர் ஆதார வைத்தியசாலையில் ஓபிடியில் இருக்கிறேன். மனநல மருத்துவம் படிக்க ஆசை. ஆனால் செலக்‌ஷன் பரீட்சைக்குச் சேர்ந்து படிக்கிற நண்பர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. ஒருவரின் அப்பா பெரிய கொன்சல்டன்ட். ஒருத்தி ஆங்கில நாடகங்களில் நடித்தவள். இன்னொருவன் வயலின் வாசிப்பான், தத்துவப் புத்தகங்களாகப் படிப்பான். எனக்கு அப்படி எதுவும் இல்லை. லீவில் வீட்டுக்குப் போனால் அப்பாவோடு லீக்ஸ் பாத்தியில் நிற்பேன், அவ்வளவுதான். இன்னொரு விஷயம், என் சித்தப்பாவுக்கு மனநோய் இருந்தது. கோடாங்கி, பூசாரி என்று அலைந்துவிட்டுக் கடைசியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதனால்தான் எனக்கு இந்த ஆசையோ, அப்படி இருப்பது தப்போ என்றும் குழப்பம். அம்மாவோ, "ஊசி போடுற டொக்டரா வருவேன்னு பாத்தா பைத்தியக்கார டொக்டராவா போகப்போற?" என்று அழுகிறார். நான் என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், ஹட்டன்

பதில்:

அன்புத் தங்கச்சி,

வயலின்காரத் தம்பியை முதலில் ஒரு பக்கம் வைத்துவிடுவோம். அவர் நல்ல மனநல மருத்துவராக வரலாம், வராமலும் போகலாம். வயலின் அதைத் தீர்மானிக்கப் போவதில்லை. செலக்‌ஷன் பரீட்சையில் பொழுதுபோக்குக்கென்று மார்க்கும் கிடையாது.

எங்கள் வார்டுக்குப் புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்களிடம், "ஏன் இந்தப் பக்கம் வந்தீங்க?" என்று தேத்தண்ணி நேரத்தில் கேட்பது என் பழக்கம். இலக்கியம், தத்துவம் என்று சொல்கிறவர்கள் சிலர்தான். இறுதியாண்டில் மனநலப் பிரிவில் இருந்த சில வாரங்களில், நோயாளியோடு அமர்ந்து பேசத் தெரிந்த ஒரு ஆசிரியரைப் பார்த்து மனம் இந்தப் பக்கம் திரும்பியவர்கள்தான் அதிகம். சத்திரசிகிச்சைக்குப் போய், தியேட்டரில் நின்று நின்று அலுத்து வந்தவர்கள் உண்டு. பிள்ளை சிறிசு, ராத்திரி வேலை கொஞ்சம் குறையட்டும் என்று கணக்குப் போட்டு வந்த தாய்மாரும் உண்டு. இவர்கள் காரணத்தைச் சொல்ல வெட்கப்படுவார்கள், எனக்கென்னவோ இருப்பதில் நேர்மையான காரணம் அதுதான் என்று படும். வீட்டில் ஒருவருக்கு நோய் இருந்ததால் வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முதல் வருடத்தில் வாய் திறக்க மாட்டார்கள்.

பெரிய பெயர்களை எடுத்துப் பார்த்தாலும் இதே கதம்பம்தான். ஜோன் கேட் என்ற ஆஸ்திரேலியர் மனநல ஆஸ்பத்திரி வளவுக்குள்ளேயே வளர்ந்தவர், அப்பா அங்கே மருத்துவர். இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் கைதியாக இருந்துவிட்டு வந்து, கினிப் பன்றிகளை வைத்து ஆராய்ந்தவர், 1949இல் பித்துநிலை (மேனியா) நோய்க்கு லிதியத்தின் பயனை எழுதினார். இன்று நம் கிளினிக்குகளில் கொடுக்கிற அதே லிதியம். ஆரன் பெக் நரம்பியல் படிக்கப் போனவர். மனநலப் பிரிவில் ஆள் போதாமல் அங்கே அனுப்பப்பட்டார், ஆரம்பத்தில் அவருக்கு அது பிடிக்கவும் இல்லை. நோயாளியின் எண்ணப்போக்கை மாற்ற உதவுகிற கொக்னிட்டிவ் தெரபியை உருவாக்கியவரே அவர்தான்! எரிக் கண்டெல் வியன்னாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி ஓடிய யூதப் பிள்ளை. ஹார்வர்டில் வரலாறும் இலக்கியமும் படித்துவிட்டு மனநல மருத்துவத்துக்கு வந்தார், பிறகு கடல் நத்தையின் நரம்புகளை ஆராய்ந்து 2000இல் நோபல் பரிசு வாங்கினார். இந்த மூவரையும் ஒரு நேர்முகத்தில் உட்கார வைத்து 'பொருத்தமான பின்னணி' தேடினால் யார் தேறுவார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சரி, உங்கள் பின்னணிக்கு வருவோம். "தோட்டத்துப் பிள்ளை நீங்க, தோட்டத்துச் சனத்தின் மனசு உங்களுக்குத்தான் புரியும்" என்று மேடையில் பேசுகிற மாதிரி நான் சொல்லப்போவதில்லை. அதில் பாதி உண்மை, பாதி ஆபத்து.

உண்மைப் பாதியைப் பார்ப்போம். மன அழுத்த நோய் உள்ளவரிடம், அன்றாட வேலை எந்தளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று விசாரிக்க வேண்டும், இது உங்களுக்குத் தெரியும். கொழும்பில் படித்த ஒருவர் தோட்டத்து அம்மாவிடம், "வேலையில் கவனம் செலுத்த முடிகிறதா?" என்று கேட்பார். அந்த அம்மா "ஆமாங்க" என்பார். பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போகிறார், கூடையைத் தலையில் மாட்டுகிறார், மலைக்கு ஏறுகிறார், அவரைப் பொறுத்தவரை வேலை நடக்கிறது. கேள்வி அதோடு முடிந்துவிடும். நீங்கள் கேட்டால், "இப்ப எத்தன கிலோ எடுக்கிறீங்க? போன மாசம் எத்தன அரைப்பேர் விழுந்துச்சு?" என்று கேட்பீர்கள். எப்போதும் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம் போட்டு, கைக்காசுக்கும் மேலதிகமாகக் கொழுந்து எடுத்த பொம்பளைக்கு மூன்று வாரமாக அரைப்பேர்தான் விழுகிறது என்றால், எந்தப் படிவத்தில் உள்ள கேள்வியும் அதைவிடத் தெளிவாகச் சொல்லாது. சம்பளச் சிட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாலே நோய் எந்த மாதம் தொடங்கியது என்று தெரிந்துவிடும். கங்காணி ஏசியதும் அப்போதுதான் தொடங்கியிருக்கும்.

கிளினிக் நாளும் அப்படித்தான். மாதாந்தக் கிளினிக்குக்கு வராவிட்டால் கார்டில் 'வரவில்லை' என்று எழுதிவிட்டு, நோயாளிக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டுகிற பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. கிளினிக்குக்கு வந்தால் அன்றைய பேர் போச்சு, கூட வருகிறவரின் பேரும் போச்சு, பஸ் காசு வேறு. சம்பளம் போடுகிற வாரமா, கொழுந்து கூடுகிற பருவமா என்று பார்த்து அடுத்த திகதியைக் கொடுக்கிற ஒரு டொக்டர் இருந்தால், பாதிப் பேர் மருந்தை விடமாட்டார்கள். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத அறிவு. உங்களிடம் சும்மா கிடக்கிறது.

இனி ஆபத்துப் பாதி. 'நம்ம ஆள்' என்ற நினைப்பு வந்துவிட்டால் கேள்வி கேட்பது குறைந்துவிடும். குடித்துவிட்டு அடிக்கிற புருசனைப் பற்றி ஒருத்தி சொல்லத் தொடங்கும்போதே, மிச்சக் கதை தெரியும் என்று உங்களுக்குத் தோன்றும். தெரியாது தங்கச்சி. பக்கத்து லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) நீங்கள் பார்த்தது வேறொரு குடும்பம். தோட்டத்தைப் பற்றி எதுவுமே தெரியாத ஒரு சிங்களப் பயிற்சி மருத்துவர், தெரியாததாலேயே ஒவ்வொன்றாகக் கேட்டு, நான் தவறவிட்டிருக்கக்கூடிய ஒன்றை வெளியே எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, ஊர்க்காரர்கள் வருவார்கள். "நம்ம மாரிமுத்து மகதானே?" என்று கேட்கிற நிமிடமே, சொல்ல வந்ததைச் சொல்லாமல் போகிறவர்களும் இருப்பார்கள். லயத்தில் ரகசியம் தங்காது என்பது அவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்களை வேறு டொக்டரிடம் அனுப்புவதில் உங்களுக்குக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பயிற்சிக்குப் போனபின் ஒன்றில் கவனமாக இருங்கள். தமிழ் தெரிந்த மருத்துவர்கள் குறைந்த வார்டுகளில், தமிழ் நோயாளி வரும்போதெல்லாம் "நங்கி, கொஞ்சம் வந்து பேசுங்க" என்று கூப்பிடுவார்கள். போங்கள், போகத்தான் வேண்டும். அதற்காக உங்களுக்குரிய நோயாளிகளையும், உங்களுக்குரிய படிப்பு நேரத்தையும் விட்டுக்கொடுத்துவிட்டு வருடம் முழுக்கப் பிறருக்கு வாயாக இருந்துவிடாதீர்கள். இரண்டாவது மாதமே மேற்பார்வையாளரிடம் இதைப் பேசிவிடுவது நல்லது.

சித்தப்பா விஷயம். நீங்கள் அதைக் கேள்வியின் நடுவில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள், எனக்கோ கடிதமே அதுதான் என்று பட்டது. வீட்டில் நோய் இருந்ததால் இந்தத் துறைக்கு வருவது தப்பில்லை, அபூர்வமும் இல்லை. ஆனால் இரண்டு விதமாக வருகிறவர்களைப் பார்க்கிறேன். ஒரு வகையினருக்கு அந்த வீட்டுக் கதையைக் கோபமில்லாமல் சொல்ல முடிகிறது. மற்ற வகையினர் ஒவ்வொரு நோயாளியையும் காப்பாற்றியே தீருவேன் என்று நிற்கிறார்கள். மருந்தை நிறுத்திவிட்டுத் திரும்பவும் வார்டுக்கு வருகிற நோயாளி அவர்களுக்குத் துரோகி மாதிரித் தெரிவார், கோடாங்கியிடம் கூட்டிப்போன குடும்பம் குற்றவாளி மாதிரி. நம் துறையில் திரும்பி வருவது தினசரிக் காட்சி. அதைத் தாங்க முடியாதவர் ஐந்து வருடத்தில் கருகிப் போவார்.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை. அடுத்த முறை ஓபிடிக்கு யாராவது, "சாமி பாத்தோம், எந்திரம் கட்டினோம், சரிவரல" என்று வந்தால் உங்கள் முகம் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். எரிச்சல் வந்தால் பரவாயில்லை, எல்லோருக்கும் வரும். அந்த எரிச்சல் முகத்தில் தெரிந்து, அவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள் என்றால், பயிற்சிக்குப் போகுமுன் நம்பிக்கையான ஒரு மூத்தவரிடம் சித்தப்பாவைப் பற்றி ஒருமுறை முழுதாகப் பேசிவிடுங்கள். நேர்முகத்தில் இதைச் சொல்ல வேண்டுமா என்று யோசித்திருப்பீர்கள். சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

லீக்ஸ் பாத்தியை நீங்கள் இளக்காரமாக எழுதியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. 1995இல் இந்த நாட்டில் ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள், உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. அடுத்த பத்து வருடத்தில் அது பாதியாகக் குறைந்தது. எங்கள் துறையினர் அதற்குப் பெருமை பேசினால் நம்பாதீர்கள். மிகக் கொடிய பூச்சிகொல்லிகளைத் தடை செய்ததுதான் முக்கிய காரணம். கோபத்தில், ஒரு நிமிட ஆத்திரத்தில் கைக்கு எட்டிய போத்தலைக் குடிக்கிறவரின் உயிர் அந்தப் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே போகிறது அல்லது தங்குகிறது. நுவரெலியா மாவட்டத்து மரக்கறித் தோட்டங்களில் எந்த மருந்தை எப்போது அடிக்கிறார்கள், மிச்சத்தை எங்கே வைக்கிறார்கள், படுக்கைக்கு அடியிலா, கொட்டிலிலா, பூட்டு இருக்கிறதா – இதெல்லாம் அப்பாவோடு பாத்தியில் நின்ற பிள்ளைக்குத் தெரியும். வயலின்காரர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பாத்தியை விட்டுவிடவும் வேண்டாம். பயிற்சிக் காலத்தில் நோயாளி, பரீட்சை, லொக்புக் என்று எதுவுமே இல்லாத ஓர் இடம் தேவைப்படும், அது உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

அம்மாவுக்கு என்ன சொல்வது? சென்னைக்காரருக்குக் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி எப்படியோ, நமக்கு அங்கொடை அப்படி. அங்கொடை ஆஸ்பத்திரி எப்போதோ தேசிய மனநல நிறுவகம் ஆகிவிட்டது, ஆனாலும் சண்டையில் "அங்கொடைக்கு அனுப்பணும்" என்று திட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதே கீழ்ப்பாக்கத்துக்கு 1961இல் தலைவராகப் போனவர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படுகிறவர். அவர் வீட்டிலும் யாராவது அழுதிருப்பார்களோ என்னவோ. இந்தக் கதையெல்லாம் உங்கள் அம்மாவிடம் எடுபடாது, தெரியும். அவரிடம் வாதாட வேண்டாம். சித்தப்பா நோயாக இருந்த வருடங்களைப் பற்றிக் கேளுங்கள். நீங்கள் சின்னப் பிள்ளை. அவருக்குச் சோறு கொடுத்ததும், துணி துவைத்ததும், லயத்துச் சனத்தின் பேச்சைக் கேட்டதும் பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருக்கும். தன் மகள் காலம் முழுக்க அந்த வீட்டுக்கே திரும்பிப் போகப்போகிறாள் என்று பயப்படுகிறாரோ என்று எனக்கொரு சந்தேகம். கல்யாணப் பேச்சும் மனசில் இருக்கலாம், அதையும் கேட்டுவிடுங்கள்.

வழிமுறை உங்களுக்கே தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். பிஜிஐஎம் என்கிற பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் செலக்‌ஷன் பரீட்சை, பிறகு ரெஜிஸ்ட்ராராகப் பயிற்சி, எம்டி பரீட்சை, சீனியர் ரெஜிஸ்ட்ரார் காலம், அதில் ஒரு பகுதி வெளிநாட்டில். எல்லாமாக ஐந்து வருடத்துக்குக் குறையாது. அவ்வளவு காலம் வேண்டாம் என்றால் ஒரு வருட டிப்ளோமா இருக்கிறது. அதை முடித்துவிட்டு மாவட்ட ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அது இரண்டாந்தர வழி என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

என் யோசனை இது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டே, இடமாற்றப் பட்டியல் வரும்போது நுவரெலியாவிலோ பதுளையிலோ மனநல மெடிக்கல் ஒஃபிசர் இடம் இருந்தால் கேட்டு எழுதுங்கள். ஒரு வருடம் அந்தக் கிளினிக்கில் இருந்து பாருங்கள். திரும்பத் திரும்ப வருகிற முகங்களைப் பார்த்து அலுப்பு வருகிறதா, அவர்களைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். முதல் வகை என்றால் பொது மருத்துவத்துக்குப் போங்கள், அங்கேயும் ஆள் தேவை. இரண்டாவது என்றால் அடுத்த பரீட்சை அறிவிப்புக்கே விண்ணப்பியுங்கள்.