அமெரிக்காவில் உங்களுக்குப் பிடித்த நகரம் எது? பிடித்த பண்டிகை எது?

இரண்டு கேள்விக்கும் எனக்கு ஒரே பதில்தான் வருகிறது: மார்டி கிராஸ் சமயத்து நியூ ஆர்லியன்ஸ்.

வயது 24. படிக்க வந்து மூன்று வருடமாகச் சிகாகோவில் இருக்கிறேன். கையில் காசு குறைவு, விடுமுறை கிடைத்தால்தான் பஸ் ஏற முடியும். அதனால் பார்த்த ஊரெல்லாம் ஏதாவது ஒரு பண்டிகையோடுதான் ஞாபகத்தில் இருக்கிறது.

மார்டி கிராஸ் என்றால் பிரெஞ்சில் 'கொழுத்த செவ்வாய்'. மறுநாள் திருநீற்றுப் புதன், தவக்காலம் ஆரம்பம். அதற்குள் தின்றும் ஆடியும் தீர்த்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் போர்பன் தெருவுக்குத்தான் ஓடுகிறார்கள். குடியும் கூச்சலும், அரை மணி நேரத்தில் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பண்டிகை ஊர்வலம் பார்க்கச் செயின்ட் சார்ல்ஸ் அவென்யூவுக்குப் போங்கள். 1835-ல் தொடங்கிய தடத்தில் இன்னும் டிராம் ஓடுகிறது. ஊர்வல நேரத்தில் மட்டும் ஓடாது. அது தெரியாமல் போய், பையைச் சுமந்துகொண்டு நடந்தேன். நடந்ததால்தான் அந்த ஏணிகளைப் பார்த்தேன்.

சாதாரண மடக்கு ஏணிதான். உச்சியில் பெட்டி மாதிரி மர இருக்கை, குழந்தை விழாமலிருக்கக் குறுக்கே ஒரு கட்டை. பின்னால் அப்பாவோ அம்மாவோ படியில் ஏறி நின்று பிடித்துக்கொள்கிறார்கள். ஓர் ஏணியில் பெயின்ட் உரிந்து, பிள்ளையின் பெயருக்கு அடியில் இன்னொரு பழைய பெயர் தெரிந்தது. அலங்கார வண்டிகளிலிருந்து முகமூடிக்காரர்கள் மணிமாலைகளை வீச, எனக்கு முன்னால் நின்ற பாட்டி இரண்டைப் பிடித்து, ஒன்றைத் திரும்பிப் பார்க்காமலேயே பின்னால் என்னிடம் நீட்டினார்.

அப்புறம் கிங் கேக். ஊதா, பச்சை, தங்க நிறத்தில் சர்க்கரை தூவியிருக்கும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழந்தைப் பொம்மை. அது யார் துண்டில் வருகிறதோ, அடுத்த கேக் அவர் செலவு. என் பல்லில்தான் மாட்டியது. மாணவன் என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை.

குறையும் உண்டு. 2018-ல் வெளியான கணக்குப்படி, அந்த அவென்யூவில் ஐந்தே தெரு நீளத்து வடிகால்களிலிருந்து 46 டன் மணிமாலை அள்ளினார்களாம்.

இரண்டாமிடம் என் சிகாகோவுக்கு, அதுவும் ஐரிஷ்காரர்களின் பண்டிகையான செயின்ட் பேட்ரிக் தினத்துக்கு (மார்ச் 17) முந்தைய சனிக்கிழமை. 1962-லிருந்து ஆற்றைப் பச்சையாக்குகிறார்கள். எங்கே கழிவுநீர் கசிகிறது என்று கண்டுபிடிக்கப் பிளம்பர்கள் பயன்படுத்திய சாயத்திலிருந்து வந்த யோசனை. படகிலிருந்து கொட்டும் பொடி ஆரஞ்சு நிறம்! தண்ணீரில் பட்டதும் பச்சை. விரல் மரத்துப்போகும் குளிரிலும் இரண்டு வருடம் போய் நின்றேன்.

நவம்பரில் வரும் நன்றி நவிலல் நாளில் (தேங்ஸ்கிவிங்) நியூயார்க் போனால், காலையில் நடக்கும் பலூன் ஊர்வலத்தை விட முந்தின நாள் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துப் பக்கம் ராட்சத பலூன்களுக்குக் காற்றடைப்பதைப் பாருங்கள். புத்தாண்டு இரவு டைம்ஸ் சதுக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். மணிக்கணக்கில் நிற்க வேண்டும், கழிப்பறை கிடையாது.

மார்டி கிராஸ் தேதி ஈஸ்டரைப் பொறுத்து மாறும். பிப்ரவரி 3-லிருந்து மார்ச் 9-க்குள் வரும். பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். பையைக் கனமாக எடுத்துப் போகாதீர்கள்.